குடும்பப் பெயர் கேட்ட கொம்பனி

1. இணையக் கலந்துரையாடல் குழுக்களில் எழுதவும் மென்பொருள்களை இறக்கிக்கொள்ளவும் வசதி தரும் கொழும்புக் கொம்பனி ஒன்றைத் தெரிந்தெடுத்தேன்.
2. குடும்பப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்றார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கிளிநொச்சிப் பக்கத்திலுள்ள என் ஊரின் பெயரைக் கொடுத்தேன்.
3. குழுவில் புனைபெயர் மட்டுமே தெரியும் என்று தொலைபேசியில் உறுதி தந்தார்கள்.

நான் வவுனியாவில் கணினி கற்பிக்கிறேன். போர் நடக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்கப் படையினர் தரும் தற்காலிகப் பாஸில்தான் இருக்கிறேன். அந்தப் பாஸுக்காக வரிசையில் படும் பாட்டை ஒரு குழுவில் புனைபெயரில் எழுதினேன்.

மறுநாள், கூடப் படிப்பிக்கும் வசந்தி அக்கா திரையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டா.

"இஞ்ச வாரும் பிள்ளை. உம்மட பேரும் ஊரும் உலகம் முழுக்கப் போட்டுக் கிடக்கு. பாஸ் குடுக்கிறவை மட்டுந்தான் இன்னும் வாசிக்கேல்லப் போல!"

சிரித்தவா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டா. அந்தக் கிழமைதான் பாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கொம்பனிக்கு அழைத்து, நான் எழுதியதை அழிக்கச் சொன்னேன்.

"மிஸ், ஊரின் பெயரைத் தந்தது நீங்கள்தானே?" என்றார் ஒருவர்.

"குடும்பப் பெயர் கேட்டது நீங்கள். மறைப்பம் எண்டு சொன்னதும் நீங்கள்."

மற்றக் கணினிகளுக்கும் போய்விட்டதாம், இனி ஒன்றும் செய்ய முடியாதாம். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

இப்போது வேறு கொம்பனியில் இருக்கிறேன். எங்கே சேர்ந்தாலும், சோதித்துப் பார்க்கவென்றே உள்ள குழுவுக்கு முதலில் ஒரு வெற்றுச் செய்தி அனுப்பி, என் பெயர் எப்படி விழுகிறது என்று பார்க்கிறேன். பாஸ் இந்த முறை கிடைத்துவிட்டது. நான் எழுதியது இன்னும் அந்தக் குழுவில், என் ஊரின் பெயரோடு கிடக்கிறது.