நடு ஸ்பீக்கரில் பேசியவள்

எங்கள் தெருவில் சவுண்டு மாமாவை மிஞ்சிய விஞ்ஞானி கிடையாது. இதைச் சொன்னவரும் அவர்தான். கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்ப்பது அவர் தொழில். பாட்டும் கூட்டத்தின் இரைச்சலும் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களில், பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கரில் என்பது அவர் வகுத்த சட்டம். மகள் கல்யாணத்தில் மைக் பிடித்து மனைவி வாழ்த்திப் பேசியதையும் அப்படியே நடுவில் வைத்தார்.

அந்த அம்மாள் போன வருஷம் காலமானார். மகள் வீட்டு டிவியில் இரண்டே ஸ்பீக்கர். அதற்காக மாமா கம்ப்யூட்டரில், அந்தக் கல்யாண வீடியோவில் ஆறு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இருந்த ஒலியை இரண்டாக மாற்றினார். ஆறையும் கலந்திருக்க வேண்டும். மாமாவோ இடது, வலது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடக் கட்டளையிட்டார். டிஸ்கில் இடம் வேண்டுமென்று மூலக் கோப்பையும் அழித்தார். விஞ்ஞானிகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகள் வீட்டில் போட்டுப் பார்த்தார்கள்.

"அப்பா, அம்மா வாயசைக்கிறாங்க. சத்தத்தைக் காணோமே."

"டிவி சரியில்லம்மா."

"கைதட்டல் மட்டும் எப்படிக் காதைப் பொளக்குது? நாற்காலி இழுக்குறதுகூடக் கேக்குதுப்பா."

விட்டுவிடச் சொன்ன மிச்சத்தில்தான் நடு ஸ்பீக்கரும் இருந்தது என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னார். மகள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"போகட்டும். அம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நான் அழுதுட்டிருந்தேன், ஒண்ணும் காதுல விழல. நீங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பக்கத்துலதான நின்னீங்க."

நின்றார்தான். பிறகு வீட்டில் ஒலி சேர்க்கும்போதும் பலமுறை போட்டுக் கேட்டிருந்தார். கரகரப்பு இல்லை, ஒலியளவு சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. எல்லாம் நன்றாக நினைவிருந்தது. மனைவி சொன்னதில்தான் ஒரு வார்த்தையும் நினைவில்லை.

"ரொம்பத் தெளிவா பேசினாம்மா," என்றார்.