அடைப்புக்குறிக்குள் ஒரு கை

எறும்பு என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். எலும்பு முறிவுப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாக மாவுக்கட்டுப் போடுகிறவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பெயரை வைத்தது ஆஸ்பத்திரியல்ல, குத்துச்சண்டை மேடை. ஆள் சிறிசு, கடித்தால் விடமாட்டார் என்று யாரோ வைத்தார்கள். மேடையை விட்டு அவர் இறங்கிவிட்டார், பெயர் அவரை விட்டு இறங்கவில்லை.

கடித்தால் விடமாட்டார் என்பது வெறும் புகழ்ச்சியில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஓட்டைக் குடையை விற்ற கடை இருக்கும் தெருவில் அவர் இன்றுவரை கால் வைத்ததில்லை. மழை கொட்டினாலும் நனைந்துகொண்டு சுற்றுவழியில்தான் போவார். மனைவியின் தம்பி ஒருமுறை, "மாமா உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்த மச்சான் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இதெல்லாம் சில்லறைப் பகை. மொத்தப் பகை ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் சுத்தியல்.

முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் அவர்கள் இருவரும் மோத ஆரம்பித்தார்கள். மொத்தம் மூன்று சண்டை. முதலாவதில் சுத்தியல் ஜெயித்தார். அடுத்த வருடம் எறும்பு ஜெயித்தார். அதற்கடுத்த வருடம் மறுபடியும் சுத்தியல். சுத்தியல் என்பது அவருடைய வலது கைக்கு வைத்த பெயர், ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கை இறங்கினால் எதிரில் நிற்கிறவன் ஆணி மாதிரி இறங்கிவிடுவான் என்பார்கள்.

இரண்டாவது சண்டையில் அந்தக் கை பதினைந்து முறை காற்றைத்தான் குத்தியது. எறும்பு குனிந்தார், நுழைந்தார், வயிற்றில் கடித்தார், வெளியே வந்தார். ஏழாவது ரவுண்டில் சுத்தியல் முழங்காலிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எறும்பின் ஆயுளிலேயே பெரிய நாள் அது. மறுநாள் காலை வரைதான் இருந்தது.

மேடையிலிருந்து இறங்கிய சுத்தியல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருந்தார்: "பயிற்சியில வலது கை எலும்பு முறிஞ்சிருச்சு. கட்டுகூடப் போட்டுக்காம வந்துதான் சண்டை போட்டேன்." மறுநாள் பத்திரிகையில் தலைப்பே அதுதான். உடைந்த கையோடு போராடிய வீரர். ஜெயித்தவர் பெயர் ஆறாவது வரியில் வந்தது. பாம்புக்கடிக்குக்கூட மருந்து இருக்கிறது, அந்த வரிக்கு இல்லை.

மூன்றாவது சண்டையில் தோற்ற பிறகு எறும்பு ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தார். மேடைக்குப் போகுமுன் விரல்களில் துணி சுற்றிச் சுற்றிப் பழகிய கை. கட்டுப் போடும் வேலை தானாக அவரிடம் வந்தது. மாவுத்துணி உருளையை வெதுவெதுப்பான நீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை பொறுத்து, பிழிந்து, பஞ்சின் மேல் அவர் சுற்றினால் ஒரு சுருக்கம் இருக்காது. "எலும்பு பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்" என்பது நோயாளிகளிடம் அவர் வழக்கமாகச் சொல்வது.

ஆனால் அவர் வாயிலும் ஒரு எலும்பு இருந்தது. மூன்றாவது சண்டைக்குப் பத்து நாள் முன்னால் தன் இடது விலா எலும்பில் கீறல் விழுந்திருந்ததாக அவரும் சொல்லி வைத்திருந்தார். சொல்லிச் சொல்லி அது ஊர் அறிந்த உண்மையாகிவிட்டது. ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரே அறை அவர் அறைக்கு அடுத்த கதவு. இருபத்தொன்பது வருடமும் அந்த நாளில் மட்டும் அவருக்கு வயிற்று வலி வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் சலூன். சலூன்காரர்தான் குத்துச்சண்டைக் கழகத்துக்கும் செயலாளர். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அங்கே வாய் ஓயாது.

"சுத்தியல் உச்சத்துல இருந்தப்ப எறும்பால நிக்கவே முடியலையே. முதல் சண்டைதான்யா நெசமான சண்டை" என்பார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"போங்க. அப்ப எறும்பண்ணனுக்கு இருபத்தொரு வயசு. மீசையே சரியா முளைக்கல. ரெண்டாவதுலதான் அவரு உச்சம்" என்பார் சலூன்காரர்.

"ரெண்டாவதுல சுத்தியலுக்குக் கை இல்லையேப்பா!"

"சரி, மூணாவதுல அண்ணனுக்கு விலா இல்லையே!"

ஆக, மூன்று சண்டையிலும் இரண்டு பேரும் ஒரே நாளில் முழு ஆளாக மேடை ஏறியதே இல்லை என்று சலூன் தீர்ப்பு எழுதிவிடும். எறும்பு சவரம் செய்துகொண்டு வருவார். நெஞ்சு மட்டும் கொதிக்கும்.

இந்த வருடம் கழகம் தன் கூடத்துச் சுவரில் பழைய சண்டைகளின் முடிவுகளைப் பெயிண்டால் எழுதி, ஞாயிற்றுக்கிழமை திறந்துவைக்க முடிவு செய்தது. எறும்பு முன்கூட்டியே போய்ப் பார்த்தார். இரண்டாவது சண்டை: வெற்றி, எறும்பு. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், 'சுத்தியலின் வலது கை முறிந்திருந்தது.' மூன்றாவதற்கும் ஒரு அடைப்புக்குறி இருந்தது. 'எறும்பின் விலா எலும்பில் கீறல்.'

"முதல் அடைப்புக்குறிய அழிச்சிரு" என்றார் எறும்பு.

"ஆதாரம் குடுங்கண்ணே, அழிச்சிடறேன்" என்றார் சலூன்காரர். "பேப்பர்ல வந்த விஷயம். நான் எப்படி அழிக்கறது?"

செத்த பிறகும் அந்தச் சுவர் இருக்கும். பேரன் பேத்தி வந்து படிப்பார்கள். தாத்தா ஜெயித்த ஒரே சண்டை ஒரு முறிந்த கையை எதிர்த்துப் போட்ட சண்டை என்று படிப்பார்கள். இரண்டு நாளாக எறும்புக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, கடவுள் கண் திறந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. சுத்தியல்!

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எறும்பு பஞ்சை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு சந்தேகம் டாக்டரம்மா" என்றார், பூனை மாதிரி. "இந்தக் கையில பழைய முறிவு ஏதாவது இருக்கா?"

"இல்லையே அண்ணா. விரல் எலும்பு, உள்ளங்கை எலும்பு எல்லாம் நேரா, சுத்தமா இருக்கு."

"சின்ன வயசுல முறிஞ்சு, கட்டே போடாம விட்டிருந்தா?"

"கட்டுப் போடாம விட்டா கோணலாக் கூடியிருக்குமே. இது இவருக்கு முதல் முறிவுதான்." எலும்பை இழுத்து நேராக்கிக் கொடுத்துவிட்டு டாக்டரம்மா அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

கதவு மூடியது. எறும்பு உருளையை நீரில் முக்கினார். முப்பத்துமூன்று வருடம் காத்திருந்த கை, அவசரப்படவில்லை.

"கட்டுகூடப் போட்டுக்காம சண்டை போட்டவராச்சே" என்றார். "இப்ப மட்டும் எதுக்குக் கட்டு?"

சுத்தியல் கூரையைப் பார்த்தார். "கை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "கை மட்டுமா? என் வாழ்க்கையிலயே அன்னைக்கு மாதிரி நான் எப்பவும் இருந்ததில்ல. அப்படி இருந்தும் தோத்தேன்னு வெளிய எப்படிய்யா சொல்றது?"

சுற்றிக்கொண்டிருந்த எறும்பின் கை பாதிச் சுற்றில் நின்றது. எந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தாரோ அந்த வார்த்தை. ஆனால் கேட்டது யார்? அவரும், ஒரு வாளித் தண்ணீரும்.

"இத ஞாயித்துக்கிழமை கூடத்துல சொல்லு."

"சொல்றேன். நீ உன் விலாவச் சொல்லு." சுத்தியல் இப்போது நேராகப் பார்த்தார். "மூணாவது சண்டையில ஒவ்வொரு ரவுண்டுலயும் அந்த இடது விலாவுலதான் குத்துனேன். கீறல் விழுந்த விலான்னா ரெண்டாவது குத்துலயே நீ படுத்திருப்ப. நீ பத்து ரவுண்டு நின்ன. அடுத்த ரூம்லதான மெஷின் இருக்கு, ஒரு படம் எடுத்துக் காட்டேன்."

எறும்பு அடுத்த உருளையை வாளியில் முக்கினார்.

"விடுய்யா" என்றார் சுத்தியல், குரலைத் தணித்து. "உன்னோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. ரெண்டும் சுவத்துல இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?"

எறும்பு கட்டை வழித்து முடித்தார். மாவு சூடாகி இறுகத் தொடங்கியது. எந்த எலும்பு, என்ன தேதி என்று கட்டின் மேல் எழுதுவது அந்த அறையின் வழக்கம். கறுப்பு மையால், கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி பெரிதாக எழுதினார்: வலது கை. முதல் முறிவு. கீழே தேதி.

"ஆறு வாரம் நனைக்கக் கூடாது" என்றார். "சுரண்டவும் கூடாது."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். விலா விஷயம் அவளுக்குக் கல்யாணமான மாதமே தெரியும். முறிந்த விலாவோடு யாரும் அப்படிக் குறட்டை விடமாட்டார்கள். "சுத்தியல் சொல்றதுதான் நல்ல யோசனை" என்றாள். "எதிரிக்குச் சகுனத்தடை ஆகணும்னு தன் மூக்க அறுத்துக்குவாங்களா யாராவது?"

எறும்பு தன் மூக்கைத் தடவினார். முதல் சண்டையிலேயே சுத்தியல் அதை இடப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். "இதுல அறுக்க என்னடி பாக்கி இருக்கு?" என்றார்.

ஞாயிறு காலை கூடம் நிறைந்திருந்தது. சுத்தியல் முன்வரிசையில், கட்டின் மேல் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட முயன்று, முடியாமல், ஒரு துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் திரையை விலக்கி வரிவரியாகப் படித்தார். இரண்டாவது சண்டையின் அடைப்புக்குறி வந்தபோது சுத்தியல் தரையைப் பார்த்தார். மூன்றாவதன் அடைப்புக்குறி வந்தபோது எறும்பு எழுந்தார்.

கையில் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி. நேராகச் சுவருக்குப் போனார். 'எறும்பின் விலா எலும்பில் கீறல்' என்பதைத் தேய்க்க ஆரம்பித்தார். கூடம் சலசலத்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க? அது உங்களுக்குச் சாதகமா எழுதினது" என்று பதறினார் சலூன்காரர்.

"கீறலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் எறும்பு. இடது விலாவுக்குள் உண்மையாகவே ஏதோ விண்டுபோன மாதிரி வலித்தது. "முழு பலத்தோடதான் மேடை ஏறினேன். முழு பலத்தோடதான் தோத்தேன். அன்னைக்கு இவன் என்னைவிட நல்லாக் குத்துனான். இத்தன வருசமா உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தையல்காரர் வாயைப் பிளந்தார். மனைவி பின்வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டாள். எறும்பு திரும்பிச் சுத்தியலிடம் நடந்தார். துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கட்டு வெளியே வந்தது. முன்வரிசைக்கு மட்டுமல்ல, நான்காம் வரிசைக்கும் எழுத்து தெரிந்தது. சலூன்காரர் தன்னையறியாமல் உரக்கப் படித்தார்: "வலது கை. முதல் முறிவு."

யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எறும்பு துணியை நீட்டினார்.

"என்னோடத நான் அழிச்சிட்டேன். உன்னோடத நீ அழி."

சுத்தியல் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார், கெஞ்சுகிற மாதிரி. "கை இப்படி இருக்கேய்யா."

"இடது கை நல்லாத்தானே இருக்கு?"

சுத்தியல் எழுந்தார். இடது கையால் தேய்ப்பவருக்குப் பெயிண்ட் சீக்கிரம் போகவில்லை. கடைசி எழுத்து மறையும்வரை எறும்பு உட்காரவில்லை.