பேப்பரில் போட்ட ஃபில்டர்

1999 ஜூலை 17, சனிக்கிழமை. குழாயில் தண்ணீர் சீக்கிரமே வந்துவிட்டது. குடங்களை நிரப்பி, இட்லி வார்த்து, துணிகளை மாடியில் உலர்த்திவிட்டு, ஒன்பதாம் வகுப்பின் கணக்குத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். வாசலில், எங்கள் மயிலாப்பூர்ச் சந்தில், என் கணவர் டாக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிண்டியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு அந்த டீசல் கார்தான் அவருடைய பிழைப்பு. முந்தின ஆண்டு திண்டிவனம் அருகே, சவாரியோடு போகும்போது, என்ஜின் சூடேறி இறுகி, சீஸாகி நின்றது. ஆயில் ஃபில்டர் அடைத்திருந்ததாம். வண்டி ஷெட்டில் கிடந்த நாட்களில் இவரும் வீட்டில் பேச்சில்லாமல் கிடந்தார். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் அவர் தாங்கமாட்டார். திங்களன்று வேளாங்கண்ணி சவாரி. அதற்குள் ஃபில்டரை மாற்ற வேண்டும்.

அவரோடு வேலை பார்த்து, இப்போது வேன் ஓட்டும் நண்பர் வந்தார்.

"இன்னா மச்சி, இன்னும் யோசிச்சிக்கினு கீறியா? ஃபாரின் ஃபில்டர்தான் ஃபர்ஸ்ட்டு. பேப்பர்லயே போட்டுகீறான்."

கணவரின் முகம் தெளிந்தது. பேப்பரில் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"எந்தப் பேப்பர்ல?" என்று கேட்டேன்.

நண்பர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை நீட்டினார். தி. நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில், இன்டர்நெட்டில் பார்த்து பிரின்ட் எடுத்தவை.

வாங்கிப் படித்தேன். ஐந்து ஃபில்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வைத்த மதிப்பெண். எந்த வண்டியில் மாட்டினார்கள், எவ்வளவு தூரம் ஓட்டினார்கள், எதை அளந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. முதலிடம் பெற்றதை மட்டும் அறுத்துப் படம் காட்டியிருந்தார்கள். மற்ற நான்கிற்கும் அட்டைப்பெட்டிப் படம்தான். கடைசிப் பக்கத்தில் முதலிடத்து ஃபில்டருக்கு மட்டும் ஆர்டர் படிவம்.

"விடை இருக்கு, ஸ்டெப்ஸ் இல்ல. என்கிட்ட வந்தா இதுக்கு மார்க் கிடையாது."

"டீச்சர் கையில மாட்டிச்சு, போச்சு!" என்று நண்பர் சிரித்தார். "இது பரீட்சைப் பேப்பர் இல்ல டீச்சர்."

கணவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்த ஃபில்டர் மட்டம்ங்கறியா?"

"தெரியாது. நல்லதாவே இருக்கலாம். ஆனா இதை வச்சு சொல்ல முடியாது."

"எதையாவது நம்பித்தானே ஆகணும்?" என்றார், மெதுவாக.

அவருக்கு வேண்டியிருந்தது ஃபில்டர் அல்ல, இனி நிற்காது என்று யாராவது சொல்லும் ஒரு வார்த்தை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நானும் தர முடியாது. வண்டியோடு வந்த கையேட்டில் ஃபில்டரின் எண் போட்டிருந்தது. அந்த எண்ணைப் போட்டவர்களுக்காவது இந்த என்ஜினைத் தெரியும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீலர் கடைக்குப் போனார்.

மறுநாள் காலை, மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் புறப்படும் முன், முதல் வேலையாகப் புது ஃபில்டரை மாட்டி, எண்ணெய் ஊற்றி, என்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டார். பிறகு தரையில் படுத்து, எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். நான் டார்ச் பிடித்தேன்.