வேன் எஞ்சின் போட்ட கார்

எங்களிடம் இரண்டு கதவுக் கார் ஒன்று இருந்தது. கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் என் அப்பாவுக்கு விற்றது. தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. வேகமாக ஓடவென்றே செய்த கார். அப்பாவுக்குப் பிறகு அதில்தான் பாலையூற்றிலிருந்து நகரத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கந்தளாய் வீதியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

கராச்சுக்கு இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் கிண்ணியாக்காரர். கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாமான் எங்கயும் எடுக்க ஏலாது டீச்சர். வேற எஞ்சின்தான் போடணும்" என்றார். அவரிடம் ஜப்பான் வேன் ஒன்றில் கழற்றிய சின்ன எஞ்சின் இருந்தது.

"இந்தக் காருக்கு வேன் எஞ்சினோ? சனம் சிரிக்கும்" என்றார் என் கணவர்.

அடுத்த கிழமை நாங்கள் போனபோது கராச்சில் ஓர் இளைஞன் நின்றான். தோய்த்து மினுக்கிய சட்டை, மரியாதையான பேச்சு. ஆரென்று மெக்கானிக் சொல்லவில்லை. சுத்தமாக இருந்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று கிடந்தது. முன்பு அது அங்கே இல்லை.

"இதைப் போடுங்கோ அக்கா, கார் பறக்கும். காசு வேண்டாம். இடைக்கிட ஒரு நாளைக்குக் காரைத் தந்தாக் காணும்" என்றான் இளைஞன்.

என் கணவர் குனிந்து அந்த எஞ்சினைத் தடவிப் பார்த்தார். ஆசை முகத்தில் தெரிந்தது. அதற்குள் இளைஞன் காரின் கதவைத் திறந்து பின்பக்கத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தான்.

"இதுக்குள்ள ஒரு ஆள் படுக்கலாமோ?"

என் கணவர் எஞ்சினிலிருந்து கையை எடுத்தார். ஆயுத இயக்கத்துப் பொடியன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தம்பி, அந்த எஞ்சின் சரியான பாரம். பிரேக் தாங்காது, வளைவில திருப்பவும் ஏலாது. நான்தானே ஓடுறனான். எனக்குச் சின்னன் காணும்" என்றேன்.

அவன் மெக்கானிக்கைப் பார்த்தான். அவர் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம், பாரம்தான்" என்றார்.

"நல்லா யோசிச்சிருக்கிறியள்" என்று சிரித்தான் அவன். "பள்ளிக்கூடம் விட்டா துறைமுகப் பக்கத்தாலதானே வாறனீங்கள்?"

நான் அவனை அதற்கு முன் கண்டதே இல்லை.

வேன் எஞ்சினோடு கார் முனகிக்கொண்டு ஓடியது. ஒரு பின்னேரம் அவன் வீதியோரம் நின்று கையைக் காட்டினான். நிறுத்தாமல் போகப் பயம். கேட்காமலே ஏறி இருந்துகொண்டு, "வேகமா விடுங்கோ அக்கா" என்றான். முழுக்க மிதித்தேன். பஸ் ஒன்று எங்களை முந்திப் போனது.

"காணும். இறக்கி விடுங்கோ."

அதன்பிறகு அவனைக் காணவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

சில கிழமை கழித்து, துறைமுக வீதியில் கடற்படையினர் மறித்தார்கள். காரின் மூக்கைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பார்த்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்கவில்லை. உடைந்த தமிழில் கேட்டார்:

"பெரிய எஞ்சின் எங்க?"

"எனக்குத் தெரியாது. நான் இதைத்தான் போட்டனான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போகச் சொன்னார்.

நேரே கராச்சுக்குப் போனேன். தகரக் கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலியடிக்கு வந்தார்.

"விடியக்காலமை ஜீப்பில வந்து மெக்கானிக்கைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள், பிள்ளை. நீங்கள் இஞ்ச நிக்காதேங்கோ."

மெக்கானிக் பிறகு திரும்பி வந்தார். ஆனால் கராச்சைத் திறக்கவில்லை. கிண்ணியாவில் வீட்டோடு இருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

காரை வீட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். "கார் எங்க டீச்சர்?" என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். பழுதென்று சொல்வேன். சொல்லிவிட்டு, கேட்டவரின் முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்த்து வைத்துக்கொள்வேன்.