அக்காவுக்கு ஒரு மெஷின்

முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்துவிட்டு, அக்கா சிட்லபாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய சிறுநீரகங்கள் ஏற்கெனவே பாதி கெட்டிருந்தன. அதை அவள் மறைக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், பல்லாவரம் தாண்டும்போதே சொல்லிவிட்டாள்.

“கிட்னி ரெண்டும் மெதுவா போயிட்டிருக்குடி. சுகர் பண்ற வேலை. அவசரம் ஒண்ணும் இல்ல, இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

முன் சீட்டில் இருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். “அதுக்கப்புறம்?”

“ஏன் தம்பி, இந்த ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லையா?” என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அவள் கணவர் அங்கேயே இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு குளிர்காலத்தில் வீட்டுப் பின்வாசலில் பனியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்வரை பகலெல்லாம் அப்படியே கிடந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு தப்பியது. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். “விழுந்தா என்னன்னு கேட்க ஒரு ஆள் வேணும்டி. அங்க எல்லாம் கிடைக்கும். அது மட்டும் கிடைக்காது.” அங்கிருந்த வீட்டை விற்று, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏரிப் பக்கம் ஒரு தரைத்தள ஃபிளாட் வாங்கினாள்.

அந்த நாட்டுக் குடியுரிமையை அவள் எப்போதோ வாங்கியிருந்தாள். இங்கே தங்குவதற்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். தாம்பரம் குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். அவளை வெளிநாட்டுக்காரியாக நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. காலையில் ஏரிக்கரையில் நடப்போம். பிரதோஷத்துக்கு ஷேர் ஆட்டோவில் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போவோம். யாராவது குறுக்கே வந்தால் அக்காவின் வாயில் இங்கிலாந்துப் பழக்கப்படி “சாரி, லவ்” என்று வந்துவிடும். பூக்காரி அதைக் கேட்டுக் கேட்டுத் தானும் சொல்லப் பழகிக்கொண்டாள். மருத்துவக் காப்பீடு எடுக்கலாமென்று ஓர் ஏஜென்டை வரவழைத்தோம். அவர் அக்காவின் வயதைக் கேட்டார், நோயைக் கேட்டார், பிறகு காபியைக் குடித்து முடித்தார். “ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு வராது மேடம். இந்த வயசுல புதுசா எடுக்கறதும் கஷ்டம். மத்ததுக்கு வேணா பார்க்கலாம்” என்றார். மற்றது என்று அக்காவுக்கு எதுவும் இல்லை.

மூட்டு மூட்டாக வலிக்கும் அந்தக் காய்ச்சல் ஊரெல்லாம் வந்த வருஷம் அவளுக்கும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போக முடிந்தது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத் தெரியும். வலி தாங்காமல் விழுங்கினாள். காய்ச்சல் போனபோது முகமும் காலும் வீங்கியிருந்தன. ரத்தப் பரிசோதனைத் தாளை அவளே வாங்கிப் பார்த்தாள். “அஞ்சாறு வருஷம் முடிஞ்சிடுச்சு” என்றாள்.

தாம்பரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் டயாலிசிஸ் ஆரம்பித்தோம். இங்கிலாந்திலிருந்து வரும் பென்ஷன் இங்கே வந்த பிறகு உயரவே உயராதாம். கையிருப்பெல்லாம் ஃபிளாட்டாகிவிட்டது. எங்கள் இருவர் பென்ஷனையும் சேர்த்தாலும் நெடுநாள் ஓடாது என்று தெரிந்தது. அதனால்தான் நகரத்திலிருந்த பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். வீங்கிய காலில் அக்காவுக்குச் செருப்பு நுழையவில்லை. என் கணவருடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் ரேஷன் கார்டு கேட்டார்.

“கார்டு இல்லீங்க. பாஸ்போர்ட் இருக்கு.”

வாங்கிப் புரட்டினார். “ஃபாரின் பாஸ்போர்ட்டாச்சே. இதுக்கு நான் சீட்டு போட முடியாதும்மா. பெரிய டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிட்டு வாங்க.”

“இவங்க தாம்பரத்துல பொறந்தவங்க சார்” என்றேன்.

“எங்க பொறந்தாங்கன்னும் இதுல போட்டிருக்கும்மா. இப்ப எந்த ஊருன்னும் போட்டிருக்கு.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

எழுதி வாங்க மதியமாகிவிட்டது. கடைசியில் சிறுநீரகப் பிரிவு டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, மெதுவாகப் பேசுகிற மனிதர். அக்காவை உட்காரச் சொன்னார்.

“நீங்க எந்த நாடா இருந்தாலும் நான் பார்ப்பேம்மா. அது பிரச்னை இல்ல. என்கிட்ட மெஷின் இல்ல. இருக்கிறது திடீர்னு கிட்னி நின்னு வர்றவங்களுக்கு. அப்புறம் வீட்ல யாராவது கிட்னி கொடுக்கத் தயாரா இருக்கிற சின்ன வயசுக்காரங்களுக்கு, ஆபரேஷன் வரைக்கும். உங்களுக்கு வயசு எழுபதை நெருங்குது. சுகர். ஹார்ட்டும் சுமார். வாரா வாரம்னு என்னால தர முடியாது. மூச்சு முட்டினா எமர்ஜென்சிக்கு வாங்க, ஒரு தடவை போட்டு அனுப்பறோம்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். “உங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் டாக்டர்” என்று எழுந்துகொண்டாள்.

வெளியே நடையில் கோவளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். மீன் விற்பவள். உள்ளே அவள் புருஷனுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அக்கா மூச்சு வாங்குவதைப் பார்த்து இடம் கொடுத்தாள்.

“இன்னாக்கா, உனுக்கும் மிஷினா?”

“கிடைக்கலம்மா.”

“எங்க வூட்டுக்காரருக்கு கெடச்சிகீது. அவங்கம்மா ஒரு கிட்னி தரேன்னு சொல்லிகீது, அதான்.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் அக்காவைப் பார்த்தாள். “நீ ஃபாரின்னு பேசிக்கினாங்க. அங்கியே பாத்துக்கலாமில்ல? இங்க வந்து இன்னாத்துக்கு பேஜார் படுற?”

ரயிலில் திரும்பும்போது சைதாப்பேட்டை தாண்டியதும் அக்கா சொன்னாள்: “அவ சொன்னது சரிதான்டி. நான் திரும்பிப் போயிடறேன்.”

இங்கிலாந்தில் அவளோடு ஒரே வார்டில் வேலை பார்த்த தோழி ஒருத்தி இருந்தாள். அக்கா ஃபோன் செய்தாள். இரண்டு நாளில் அந்த அம்மா விசாரித்துவிட்டு அழைத்தார். வைத்தியம் மட்டும் பார்த்துக்கொண்டு போக வந்தால் நடக்காது, ஆனால் நிரந்தரமாகத் திரும்பி வந்து அங்கேயே வசித்தால் மற்றவர்களைப் போல அக்காவுக்கும் இலவச வைத்தியம் உண்டு, தன் வீட்டிலேயே ஓர் அறை தருகிறேன் என்றார். அக்கா ஃபோனை வைத்துவிட்டு ஸ்வெட்டர் எங்கே என்று தேடினாள். அந்த வாரம் முழுக்க நாங்கள் மூவரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

டிக்கெட் போட்டபோது விமான நிறுவனம் டாக்டர் சான்றிதழ் கேட்டது. நர்சிங் ஹோம் டாக்டர் அக்காவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார்.

“நுரையீரல்ல தண்ணி நிக்குது. ஹார்ட் ரொம்ப வீக். இவ்வளவு நேரம் விமானத்துல உட்கார வெச்சு அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. வழியில ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

குரோம்பேட்டையில் இன்னொருவரிடம் போனோம். அவரும் போடவில்லை. சில வாரம் டயாலிசிஸை அடிக்கடி செய்து தண்ணீரை இறக்கினால் பார்க்கலாம் என்றார். ஃபிளாட்டை விற்க ஏற்பாடு செய்தோம். நடுவில், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி ஏறி அக்காவுக்குக் குளிர்ஜுரம் வந்தது. ஜுரம் இறங்கியபோது எழுந்து உட்காரக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்தது. டிக்கெட் போட்டிருந்த தேதி வந்து போனது.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஆட்டோவுக்குச் சொல்லப் போன என் கணவரை அக்கா கூப்பிட்டு நிறுத்தினாள்.

“வேண்டாம் தம்பி. இனிமே மெஷினுக்குப் போகல.”

“என்னக்கா இது? ஃபிளாட் வித்தாவது...”

“வித்து இன்னும் எவ்வளவு நாள்? போட்டாலும் இப்படித்தான் கிடப்பேன். எனக்குத் தெரியும் தம்பி. எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கேன்.”

நான் கெஞ்சினேன், திட்டினேன். “என்னை விட்டுட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?” என்று கேட்டேன். “உன் பக்கத்துல இருக்கத்தான் வந்தேன். இருக்கேன்ல” என்றாள்.

இங்கிலாந்தில் இப்படி டயாலிசிஸை நிறுத்துகிறவர்களுக்கு அரசாங்க நர்ஸ் வீட்டுக்கே வருவாராம். மூச்சுத் திணறாமல் ஊசி போட்டு, வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்திருப்பாராம். வேலையின் கடைசி வருஷங்களில் அக்காவே அப்படிப் பல வீடுகளுக்குப் போயிருக்கிறாள். இங்கே நான் எங்கள் தெரு கிளினிக் டாக்டரிடம் போய்க் கேட்டேன். “அந்த ஊசியெல்லாம் நான் வெச்சுக்கறதில்லம்மா. ஆஸ்பத்திரில சேர்த்துடுங்க” என்றார். எந்த ஆஸ்பத்திரியில் என்று அவர் சொல்லவில்லை.

தலையணைகளை எப்படி அடுக்க வேண்டும், உதட்டை எப்படி ஈரப்படுத்த வேண்டும் என்று அக்காவே சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டியது. என் கணவர் கட்டிலில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். கை மரத்துப்போனால் நான் மாறி உட்காருவேன். உடம்பு முழுக்க அரித்தது. ஈரத் துணியால் துடைத்தபடி இருந்தோம். எங்களுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

கடைசி நாள் அவளுக்கு நினைவு குழம்பிவிட்டது. வார்டில் டியூட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். அவள் கண்ணுக்கு நான்தான் நோயாளி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், உங்களுக்குப் படுக்கை கிடைத்துவிடும் என்று அவ்வளவு கனிவாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “தேங்க் யூ, சிஸ்டர்” என்றேன். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, என் கணவரின் மேல் சாய்ந்தபடி போய்விட்டாள்.

ஃபிளாட்டைப் பிறகு விற்றோம். சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு பையனும் அவன் மனைவியும் குடி வந்தார்கள். நான் இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் காய்கறிக்குப் போகிறேன். உறவில் யாராவது, அமெரிக்காவிலோ வேறெங்கோ இருப்பவர்கள், வயதான காலத்தில் இங்கே வந்துவிடலாமென்று இருக்கிறோம், அங்கே ஒரே தனிமை என்று சொல்வதுண்டு. உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்டு, அவர்கள் சொன்னால், போகச் சொல்ல இன்னோர் இடம் என்னிடம் இல்லை. வாங்க, பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, காபி கலக்க எழுந்துவிடுகிறேன்.