வெடிப்பைப் பார்க்க மேசன் வந்தார்

சூறாவளி அடித்த நாள் முதல் எங்கள் வீட்டுக் கடற்கரைப் பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு. கை நுழையும். மாரி மழை தொடங்க முதல் பூசிவிடலாம் என்று, ஊரில் சுவர் கட்டுகிற மேசன் காக்காவிடம் போய், "ஒருக்கா வந்து பாருங்க" என்று கேட்டிருந்தேன்.

இன்று காலை வந்தார்.

நம்ம ஊர் வழக்கம் தெரியும்தானே. நான் குடியிருப்பது மனைவியின் சீதன வீடு. கட்டிக் கொடுத்தவர் மாமனார், இப்போது உயிரோடு இல்லை, மவுத்து. அந்தச் சுவரைக் குறை சொன்னால், குறை சுவரோடு நிற்காது.

மேசன் மேலும் கீழும் பார்த்தார். "எங்க மாஸ்டர் வெடிப்பு?"

நானும் தேடினேன். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. நேற்று நான் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மாமி வெடிப்புக்குள் களிமண்ணை அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்திருக்கிறார்.

"வெளி ஆள் வந்து பாக்கிற சுவர், மருமகன். அப்படியே காட்டினா ஊர் என்ன கதைக்கும்?" என்றார், கதவுக்குப் பின்னால் நின்று.

"இந்த இடம்தான்" என்று பெருவிரலால் அழுத்திக் காட்டினேன். ஒரு முழம் பூச்சு பொத்தென்று விழுந்தது.

மேசன் என்னைக் கவலையோடு பார்த்தார். "நல்லா இருந்த சுவர ஒடச்சிட்டீங்களே மாஸ்டர்."

"ஓம்," என்றார் மாமி. "சூறாவளிக்கே விழாத சுவர்."

மனைவி சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னேரம், கதை அதற்குள் ஊருக்குள் போய்விட்டது போல, மனைவியின் மூத்த சகோதரர் பெரிய மச்சான் சைக்கிளில் வந்து இறங்கி, "சுவரோட என்ன கோவம்?" என்று கேட்டார்.

சீதன வீட்டில் வெடிப்பு இருக்கிறது என்று மாமியை ஒப்புக்கொள்ள வைத்த மருமகன் யாராவது இருந்தால், எப்படி என்று எனக்குச் சொல்லுங்கள்.