சங்காலாவின் ஏணி

லெமாரா தீவில் ஒருவன் மனைவியை விட்டுப் போய்விட்டால், ஏணியை எடுத்துக்கொண்டான் என்போம். இங்கே வீடுகள் உயரமான தூண்கள் மேல் நிற்பவை, ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். வீடு பெண்ணுடையது. அவள் அப்பா மரம் சேர்த்து, தூண் நிறுத்தி, ஓலை வேய்ந்து கொடுப்பார். மாப்பிள்ளை ஏணியை மட்டும் தன் கையால் செய்து, கல்யாணத்தன்று தோளில் சுமந்து வந்து வாசலில் சாத்த வேண்டும். அதற்குப் பிறகு அவனோ அவன் ரத்தத்தில் ஒருவரோ தவிர வேறு யாரும் அந்த ஏணியை இடம் மாற்றுவதில்லை. அவன் செத்தால் அண்ணன் தம்பி யாராவது வந்து இறக்கி, வீட்டுக்கு அடியில் கிடத்துவார்கள். கிடத்தும்வரை அவள் விதவை இல்லை.

இந்தாங்கின் வாசலில் இருந்த ஏணி சங்காலா செய்தது. அதற்கு மரம் அறுத்துக் கொடுத்தது நான். படிகளுக்கு வேங்கை எடுத்துக்கொண்டான். பக்கக் கால்களுக்கும் அதையே வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. சுமக்கப்போவது தான்தானே என்று ஏழிலைப்பாலை மரத்தில் இரண்டு கால்கள் வாங்கிப் போனான். அது எளிதில் உளுக்கிற மரம், ஆனால் பஞ்சு மாதிரி எடை. சங்காலா அப்படிப்பட்டவன். படகைத் தண்ணீரில் தள்ளும்போது எல்லோரையும்விட உரக்கச் சத்தம் போடுவான், எல்லோரையும்விடக் குறைவாகத் தள்ளுவான். திட்டினால் சிரிப்பான். தெற்கே வேறொரு தீவிலிருந்து வந்தவன், ஒற்றைப் பிள்ளை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தபின் அவனுக்கென்று ரத்தத்தில் யாரும் இல்லை.

இந்தாங்குக்குச் சரிவில் அப்பா விட்டுப்போன முந்திரி மரங்கள் இருந்தன. பருவம் வந்தால் கொட்டையைச் சுட்டு உடைத்தே அவள் விரல் நுனிகள் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். பருத்த உடம்பு, வேகமான வாய். குழந்தை இல்லை. கிணற்றடியில் யாராவது அதைக் குத்திக்காட்டினால், “எனக்கு ஒண்ணு இருக்கு, மீசை மொளச்சது. அதை வளக்கவே நேரம் பத்தல” என்பாள்.

சங்காலா முதல் தடவை காணாமல் போனது கல்யாணமான புதிதில். கொப்பரை ஏற்றிப்போன படகு மேல்காற்றுப் பருவத்தில் எங்கோ அடித்துச் செல்லப்பட்டுவிட்டது. மாதங்கள் ஓடின. உடல் இல்லாதவருக்குச் செய்யும் தொழுகையை இமாம் நடத்தி முடித்தார். ஏணியை இறக்க ரத்தச் சொந்தம் இல்லாததால் என்ன செய்வது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு நண்பகலில் அவன் கரையோரமாக நடந்து வந்து, தன் ஏணியில் ஏறி, இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டான். மீன் இல்லை என்றதற்குக் கோபித்தும்கொண்டான். அந்தக் கதையை இந்தாங் எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அது வேடிக்கைக் கதை இல்லை, சாட்சி.

அதனால் இரண்டாம் தடவை அவள் யார் சொல்லையும் ஏற்கவில்லை. அந்த முறை மௌமெரே துறைமுகத்துக்குப் போன படகு. எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேர் அதில் இருந்தார்கள். படகின் மேல்தளப் பலகையையும் சமையல் சட்டியையும் வேறொரு படகுக்காரர்கள் கடலில் கண்டெடுத்து வந்து கொடுத்தார்கள். மற்ற மூன்று வீடுகளிலும் அழுது முடித்து ஏணி இறக்கினார்கள். இந்தாங் அந்தச் சட்டியைப் பார்த்து, இது நம் ஆட்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள், வீட்டுக்குப் போய் ஏணிக்குப் படகு எண்ணெய் பூசினாள். பிறகு ஒவ்வொரு மழை முடிவிலும் பூசினாள். உளுக்க வேண்டிய மரம் அவள் பூசிய எண்ணெயால் நின்றது.

ஊரில் கேலி இருந்தது. இமாம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அவரிடம் அவள் பணிவாகவே பேசினாள். ஒரு தடவை நீங்களும் அவசரப்பட்டுத் தொழுதுவிட்டீர்களே என்றாள். அவர் அதோடு விட்டுவிட்டார்.

அவளுக்கு இருந்தது ஒரே நினைப்பு. அவன் வருவான். உயிரோடு வந்தாலும் சரி, வேறெப்படி வந்தாலும் சரி, வந்தால் தன் ஏணியை அடையாளம் கண்டு ஏறி வர வேண்டும்.

கடல் அந்த நினைப்பைச் சோதித்தது. எங்கள் கரையை அலை வருஷாவருஷம் தின்றுகொண்டிருந்தது. முதலில் படகுக் கொட்டகைகள் போயின. பிறகு முன்வரிசைத் தென்னைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பெரிய அலை நாட்களில் இந்தாங் வீட்டுத் தூண்களுக்கு நடுவே தண்ணீர் ஓடி, அவளுடைய கோழிக்கூடு மிதந்தது. வீட்டைத் தூக்கிச் சரிவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. அவளும் சம்மதித்தாள். முந்திரித் தோப்பின் ஓரத்தில் அவள் நிலத்திலேயே இடம் பார்த்தோம்.

வீடு தூக்குவது இங்கே புதிதல்ல. தூண்களோடு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி, ஊர் ஆண்கள் எல்லோரும் அடியில் புகுந்து தோள் கொடுத்தால் வீடு நடக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல் கொடுக்கிறவர் நொம்போ. மெலிந்த ஆள், குரல் மட்டும் காளைக்குரியது. பெண்கள் ஒட்டரிசிச் சோறும் மீனும் சமைத்து வைத்திருந்தார்கள். தூண்களை மண்ணிலிருந்து விடுவித்தபின் நொம்போ என்னைப் பார்த்து, ஏணியையும் அவிழ்த்துவிடு, கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் குனிந்தேன். இந்தாங் வந்து என் முன்னால் நின்றாள்.

“அதத் தொடாத, மன்சூர்.”

“விட்டுட்டா போறது, அக்கா?”

“வீடு என்னோடது, எங்க வேணா தூக்கிட்டுப் போவேன். அது என்னோடது இல்ல.”

நொம்போ கூட்டத்தைப் பார்த்து, ஏணி இல்லாமல் குருவி மாதிரி பறந்து ஏறப்போகிறாளாம் என்றார். ஆண்கள் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டைத் தூக்கினோம், ஏணியை விட்டுவிட்டோம்.

வீடு போனபின் சாய்ந்துகொள்ள அதற்கு எதுவும் இல்லை. அவளே இரண்டு கம்புகளை மணலில் அடித்து, அவற்றின் மேல் அதைச் சாத்திக் கட்டினாள். பழைய வாசல் இருந்த இடத்தில், பழைய சாய்வில், கடலைப் பார்த்தபடி ஏணி நின்றது. அதன் மேல்படிக்கு அப்பால் ஒன்றுமில்லை. புதிய இடத்தில் அவள் வெட்டுப் போட்ட ஒரு பனந்துண்டில் கால் வைத்து ஏறி இறங்கினாள். பருத்த உடம்போடு அவள் அதில் ஏறுவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

கரையில் அந்த ஏணியைக் கடந்து போவது யாருக்கும் பிடிக்கவில்லை. பகலில்கூடச் சுற்றித்தான் போனோம். வலை உலர்த்துகிறவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அதன் கீழ்ப்படி அலை படும் தூரத்தில் இல்லாதபோதும் ஈரமாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். பனியாக இருக்கும் என்றேன். அடுத்த நாள் நானே பார்த்தேன். கீழ்ப்படி மட்டுமல்ல, மேல்படிவரை எல்லாப் படிகளும் நடுவில் மட்டும் ஈரமாக இருந்தன. பனி அப்படிப் பெய்யாது.

இந்தாங்கின் வீடு நகர்ந்த பிறகு கடலுக்கு முதல் வீடு ரபியாவுடையது. ரபியா சின்னப் பெண். கைக்குழந்தை உண்டு. கணவன் சுராபாயா பக்கம் கப்பலில் வேலை. அவள்தான் முதலில் கிணற்றடியில் வாய்விட்டுச் சொன்னாள். மக்ரிப் தொழுகைக்கு அழைப்பு முடிந்து இருட்டு இறங்கும் நேரத்தில் யாரோ தன் வீட்டு ஏணியில் ஏறுகிறார்கள் என்றாள். ஏறி, கதவுக்கு முன்னால் நின்று, பிறகு இறங்கிப் போகிறார்களாம். கணவன் ஊரில் இல்லாத வீட்டில் ஏணி ஏறும் சத்தம் கேட்டால் கிணற்றடியில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆள் யார், கறுப்பா சிவப்பா என்று கேட்டார்கள். ரபியா அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சில் யாரும் சிரிக்கவில்லை.

ஊர் மறுபடி கூடியது. ஏணியை உடைத்து எரித்துவிடலாம் என்றார் ஒருவர். யார் உடைப்பது என்று கேட்டதும் அவர் தன் வெற்றிலையில் கவனமானார். நொம்போ என்னை அழைத்துக்கொண்டு இந்தாங்கிடம் போனார். ரபியாவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். இந்தாங் வீட்டுக்கு அடியில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். எழவில்லை. நாங்கள் வந்த காரியம் அவளுக்குத் தெரியும். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தாள்.

நொம்போ தொண்டையைச் செருமுவதற்குள் ரபியா முந்திக்கொண்டாள்.

“ஒம் புருஷனுக்கு ஏற என் வீட்டு ஏணிதான் கெடச்சுதா, அக்கா?”

“என் புருஷன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? மொகத்தப் பாத்தியா?”

“பாக்கல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.”

“என்னத்தக் கேட்ட?”

ரபியாவின் குரல் இறங்கிவிட்டது. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“மொதல்ல மணல்ல நடக்குற சத்தம். அந்த ஏணி பக்கமிருந்து வருது. அதுல ஏறிப் பாக்குறாரு போல, மேல ஒண்ணும் இல்லையே. அப்புறம் எங்க வீட்டுக்கு வர்றாரு. ஏறி வந்து நிக்கிறாரு. புள்ள அழுதா, இது நம்ம வீடு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு மூச்சு விடுறாரு. எறங்கிடுறாரு. அடுத்த வீட்டு ஏணி கிறீச்சுங்குது.”

இந்தாங்கின் கையிலிருந்த கட்டை நின்றது. உடைந்த கொட்டையின் எண்ணெய் அவள் விரல்மேல் வழிந்தது. அது தோலைச் சுடும், அவள் துடைக்கவில்லை.

எங்களுக்கு விளங்க நேரமாயிற்று. அவன் வழி தப்பக் கூடாதென்றுதான் ஏணியை அங்கேயே விட்டிருந்தாள். அது அவனைச் சரியான இடத்துக்குக் கூட்டி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் வீடு இல்லை, அவளும் இல்லை. தன் கையால் செய்த ஏணியில் ஏறிப் பார்த்து, வெறும் காற்றில் கால் வைக்க முடியாமல் இறங்கி, வீடு வீடாகப் போய் நின்றுகொண்டிருந்தான்.

“எத்தன வீட்டுல நின்னாரு?” என்று கேட்டாள்.

ரபியா தெரியாது என்று தலையாட்டினாள். இந்தாங் எழுந்து கைகழுவிக்கொண்டாள். நாளை மறுநாள் ஏணியைச் சரிவுக்குக் கொண்டுவர வேண்டும், நாலு ஆள் போதும், உடையவரிடம் தானே கேட்டுக்கொள்கிறேன் என்று நொம்போவிடம் சொன்னாள்.

சொன்ன நாளில் வெயில் தாழ்ந்ததும் கரைக்குப் போனோம். நொம்போ, நான், ரபியாவின் மாமனார், இன்னொருவர். ஊர் தூரத்தில் தென்னைகளுக்கு அடியில் நின்றது. இந்தாங் நல்ல சாரோங் உடுத்தி, தலையில் துணி போட்டிருந்தாள். ஏணியின் கீழ்ப்படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். எங்கள் பெண்கள் கணவனைப் பெயர் சொல்வதில்லை, தாயெங் என்பார்கள். முன்பு அவள் தினமும் அவனிடம் பேசிய குரலிலேயே பேசினாள், முந்திரி விலை சொல்வது போல.

“தாயெங், வீடு இங்க இல்ல. மேல போயிடுச்சு. ரபியா வீட்டத் தாண்டி, கிணத்தத் தாண்டி, எங்கப்பா தோப்பு. நான் அங்கதான் இருக்கேன். உங்க ஏணியையும் கொண்டுபோகணும். நீங்கதான் தூக்கணும், இவங்க சும்மா கை குடுப்பாங்க. வாங்க.”

எழுந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

ஏணியின் கட்டுகளை அவிழ்த்தோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நான் என் வாழ்நாளில் மரத்தைத் தவிர வேறு எதையும் அதிகம் தூக்கியதில்லை. எந்த மரம் காய்ந்தால் என்ன எடை, நனைந்தால் என்ன எடை என்று என் தோளுக்குத் தெரியும். அந்த ஏணியை ஒற்றை ஆள் சுமந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று நாலு பேர் தூக்கியும் அது மணலிலிருந்து எழவில்லை. நொம்போ சொல் கொடுத்தார். இரண்டாம் முறை சொல் கொடுத்தபோது எழுந்தது. தோளில் வைத்ததும் என் கால் மணலில் புதைந்தது. எடை நடுவில் இருந்தது. மரத்தின் எடை நீளத்துக்குப் பரவி இருக்கும். இது ஒரே இடத்தில் அழுத்தியது. நடக்க நடக்கக் கொஞ்சம் ஆடியது.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரபியாவின் வீட்டைத் தாண்டும்போது அவள் மாமனார் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். கிணற்றடியில் இறக்கி மூச்சு வாங்கலாமா என்று எனக்கு இருந்தது, இறக்கப் பயமாகவும் இருந்தது. மேட்டில் ஏறும்போது நொம்போ மூச்சிரைத்துக்கொண்டு முன்னால் நடப்பவளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“தூக்கச் சொன்னா ஏறி உக்காந்துட்டான் பாரு.”

சங்காலாவை அறிந்த நாலு பேருக்கும் அதில் சந்தேகம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. முதுகில் வியர்வை குளிர்ந்தும் போயிற்று.

வாசலில் சாத்தினோம். பனந்துண்டை அவள் காலால் உருட்டித் தள்ளினாள். தேங்காய்ச் சிரட்டை அகப்பையில் தண்ணீர் மொண்டு, வெளியூரிலிருந்து வருகிறவர் கால் கழுவுவதற்கு ஊற்றுவதுபோல் கீழ்ப்படி அருகே ஊற்றினாள். ஓரமாக ஒதுங்கி நின்றாள். நாங்களும் நின்றோம். காற்று இல்லை. முதல் படி முனகியது, அடுத்தது, அடுத்தது. கடைசிப் படிக்குப் பிறகு மூங்கில் தரை ஒருமுறை அமுங்கியது. அவள் எங்களுக்கு நன்றி சொல்லி, போய் வாருங்கள் என்றாள்.

ரபியா வீட்டில் அதன்பின் சத்தம் இல்லை. அந்த மேல்காற்றில் கரையில் பழைய வாசல் இருந்த இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.

சில நாள் கழித்து, ஏணியின் கால் மண்ணில் சரியாக நிற்கவில்லை, ஆப்பு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். சுத்தியலும் இரண்டு ஆப்பும் எடுத்துப் போனேன். ஏணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆப்பை வைத்தேன். பஞ்சு மாதிரிதான் இருந்தது. முதல் அடி அடித்ததும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. இந்தாங் எட்டிப் பார்த்தாள். விரல் நுனிகள் கறுத்த கையை உதட்டில் வைத்தாள்.

“மெதுவா தட்டுப்பா. இப்பத்தான் கண்ணசந்தாரு.”

கதவை மூடிக்கொண்டாள். நான் தலைத்துணியை அவிழ்த்துச் சுத்தியலில் சுற்றினேன். சத்தம் வராமல், ஆப்பு இறங்கும்வரை, அடித்தேன்.